கறுப்பியின் பாதி வால்

அக்கா,

உன்னை எழுப்பாமல் கிளம்புகிறேன். எழுப்பினால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கறுப்பியின் வாலை அவள் குதிரைக்குட்டி மெல்லவில்லை. நான்தான் கத்தரித்தேன். எண்ணெய் தடவி, வாலில் சிக்கிய ஒட்டுமுள்ளை விரலாலேயே எடுக்கச் சொல்லித்தான் நீ போனாய். எனக்குப் பாதியிலேயே பொறுமை போய்விட்டது. சிக்கை மட்டும் வெட்டலாமென்று ஆரம்பித்து, மட்டப்படுத்தப் போய், பாதி வாலே போய்விட்டது. நீ வந்து, "ஐயோ, யாருடி இப்படிப் பண்ணது?" என்றதும், குட்டி மென்றுவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். குதிரை மென்ற வால் இவ்வளவு நேராகவா இருக்கும் என்றுகூட நீ கேட்கவில்லை. பாவம், குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டிவிட்டாய். அது விடாமல் கனைக்கிறது.

எழுந்ததும் முதலில் அதை அவிழ்த்து விடு. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். லாயத்துச் சாவி ஆணியில் இருக்கிறது. கத்தரிக்கோலை உன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், இனி அது உன்னிடமே இருக்கட்டும்.

கறுப்பிக்குப் போர்த்த ஈ வலை வாங்கத்தான் போகிறேன்.

இன்னொன்று. அந்த வாலால் அவளுக்கு ஈ ஓட்ட முடியவில்லை. நேற்று நான் துண்டால் விசிறிக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டு நீ, "உனக்குத்தான்டி அவமேல எவ்ளோ பாசம்" என்றாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.