அதே பக்கம், அதே அளவு

ஜூன் 3

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீயும் உன் அம்மாவும் நலமே என்று நம்புகிறேன். கல்லூரி இதழில் வந்த உன் கட்டுரையை இருமுறை படித்தேன். இரண்டாம் முறை சிவப்புப் பேனாவுடன்.

விக்டோரியா காலத்து ஆங்கில நாவலாசிரியர் ஒருவரையும் அதே காலத்து அமெரிக்கக் கவிஞர் ஒருவரையும் ஒப்பிட வந்தாய். ஆனால் தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சிகளைப் பிறகு அழைத்திருக்கிறாய். ஒரு தேசமே காத்திருந்து படித்த நாவல்களுக்கு அரைப் பக்கம். அவர் மனைவியைப் பிரிந்தபோது பத்திரிகையில் வெளியிட்ட ஓர் அறிக்கைக்கு மூன்று பக்கம்! எழுதியதையெல்லாம் இழுப்பறையில் போட்டு வைத்த அந்தக் கவிஞர் அம்மையார் மட்டும் உனக்கு உத்தமி.

பேசியவர் குற்றவாளி, பேசாதவர் நிரபராதி என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அந்த மனைவிக்கு மறுப்பு இருந்திருந்தால் அவரும் வெளியிட்டிருக்கலாம். மறுக்கப்படாத கூற்று ஏற்கப்பட்ட கூற்றே. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கண்டிப்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தந்தை

ஜூன் 11

அன்புள்ள அப்பா,

உங்கள் சிவப்புப் பேனா எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம், அது வலிக்கவில்லை. 'மறுக்கப்படாத கூற்று' என்ற வரிதான் வலித்தது.

பதினோரு வருடம் முன்பு நீங்கள் பத்திரிகையில் போட்ட அறிவிப்பு எனக்கு மனப்பாடம்: 'என் மனைவி தன் விருப்பப்படி வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். இனி அவருடைய சொல்லுக்கும் செயலுக்கும் நான் பொறுப்பல்ல.' மதிய இடைவேளையில் ஒருத்தி அதை வகுப்புக்கே உரக்கப் படித்துக் காட்டினாள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். சிரித்தார். "உங்கப்பா கோபப்பட்டாக்கூட பத்தி பிரிச்சுத்தான் கோபப்படுவாரு." பிறகு தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "அன்னிக்கே பதில் எழுதிட்டேன்டி. பேப்பருக்கு அனுப்பலை. மறுநாளே அதுல எவனாவது செருப்பை மடிச்சுக் குடுப்பான். எதுக்கு?"

அதில் இருந்தது இவ்வளவுதான்: 'நான் வெளியேறவில்லை. பேச்சு முற்றியதும் என்னை வாசலில் நிறுத்தி உள்ளே தாழிட்டவர் என் கணவர். நல்ல மழை. கையில் குடைகூட இல்லை.'

இது உண்மையா அப்பா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

ஜூன் 29

அன்பு மகளே,

ஆம்.

அந்த அறிவிப்பை நான் நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்திலும் தாழ்ப்பாள் இன்னும் கொஞ்சம் மறைந்தது. தெரிந்தே செய்தேன். வக்கீலாகப் பிறர் பொய்யைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான். என்னைக் கேட்க இத்தனை காலம் ஒருவரும் வரவில்லை என்பதை என் யோக்கியதை என்று எண்ணியிருந்தேன். வெட்கக்கேடு!

நேற்று அதே பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்குப் போனேன். "இவ்வளவு வருஷம் கழிச்சு எதுக்கு சார்? உள்பக்கத்துல சின்னதா ரெண்டு வரி போட்டுடலாமே," என்றார் குமாஸ்தா. "ஏன்யா, பொய்யைப் பெருசா போட்டப்போ இந்த யோசனை எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் அன்று அங்கே வேலையிலேயே இல்லை. அதே பக்கம், அதே அளவு என்று எழுதி வாங்கிக்கொண்டேன். ஞாயிறு வரும்: 'என் அறிவிப்பு பொய். கதவைத் தாழிட்டவன் நான்.'

உன் கட்டுரையில் ஓர் எழுத்தையும் மாற்றாதே.

அம்மாவின் குடை இங்கே கொக்கியில்தான் இருக்கிறது. அனுப்பலாமா என்று கேட்டுச் சொல்.

அப்பா

ஜூலை 8

அன்புள்ள அப்பா,

ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை நின்றுகொண்டே படித்தார். கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்து, தன் தாளோடு சேர்த்து அந்த இழுப்பறையிலேயே வைத்துவிட்டார். அழவில்லை.

"சரியா எழுதியிருக்காரு," என்றார்.

குடையைப் பற்றிக் கேட்டேன். மெஷினை மிதித்தபடியே பதில் சொன்னார்: "வேணாம்னு எழுதிடு. அப்பவே வேற வாங்கிட்டேன்."

உங்கள் மகள்