ஜன்னலை மறைத்த தடுப்பு

14 ஜூன் 1983, செவ்வாய்.

புதிதாகக் கல்யாணமான மகனும் மருமகளும் அடுத்த வாரம் வருகிறார்கள். முன்கூடத்தைப் பிளைவுட்டால் தடுத்து அவர்களுக்கு அறையாக்க வேண்டும். மைன்ஸ் வேலைக்காகக் கொடுத்த இந்தக் குவார்ட்டர்ஸ் அவன் பெயரில். நான் மறுக்க முடியாது. ஐந்து வருடமாக நான் செய்தி எழுதிய மேசை அங்கே ஜன்னலடியில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்வராஜிடம் மின்ரம்பம் வாங்கி, முதலில் ஒரு துண்டுப் பலகையை அறுத்தேன். வெட்டு வளைந்து வளைந்து போயிற்று.

மனைவி சிரித்தாள். "எழுத்துதான் உங்களுக்கு நேரா வருது. விடுங்க, ஸ்கிரீன் தொங்கவிட்டா போதும்."

பகலில் ஸ்கிரீனை ஒதுக்கினால் எனக்கும் வெளிச்சம் வந்திருக்கும். ஆனால் அந்தக் கோணல் வெட்டு எனக்குப் பொறுக்கவில்லை. ரம்பத்தின் பல்லுக்கும் அடித்தட்டின் ஓரத்துக்கும் ஒன்றேகால் அங்குலம். பிளைவுட்டில் போட்ட கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி, நேரான ரீப்பர் கட்டை ஒன்றைக் கிளாம்பால் இறுக்கினேன். அதை ஒட்டியே ரம்பத்தை ஓட்டினேன். மயிரிழை பிசகவில்லை.

"நிருபர் வேலைய விட்டுட்டு மைன்ஸ்ல ஆசாரியா சேர்ந்துடுங்க சார்!" என்றார் செல்வராஜ்.

மாலையே தடுப்பை நிறுத்திவிட்டோம். சுவரோடு ஒட்டி நிற்கிறது. எங்கும் இடுக்கு இல்லை. மேசை இந்தப் பக்கம் வந்துவிட்டது. நாளைக் காலையிலும் இந்த பல்பைப் போட்டால்தான் எழுத முடியும்.