அப்பாவின் நடைக்கணக்கு

அம்மாவுக்கு வணக்கம். அப்பா உண்மையிலேயே நடக்கிறாரா? இத்தனை தூரத்தில், ஷென்ஜென் நகரத்தில் இருந்துகொண்டு என்னால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் தினமும் போனில் வீசாட் செயலியைத் திறந்து, நீங்கள் இருவரும் அன்றைக்கு எத்தனை காலடி நடந்தீர்கள் என்று அது காட்டும் நடைக்கணக்கைப் பார்ப்பேன். பத்து நாளாக இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. காலையில் போனில் கேட்டபோது, "கையைப் புடிச்சுக்கிட்டே நடக்கிறோம்டி, பொறாமையா?" என்று சிரித்தீர்கள். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். "தூங்குறாரு" என்றீர்கள். அவர் போனையும் நீங்களே பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறீர்களோ என்று சந்தேகம்.

மிளகாய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். வீசாட்டில் இனி எழுத வேண்டாம். உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள்.

நேற்று இதோடு நிறுத்தியிருந்தேன். இன்று மாலை பார்த்தேன். நீங்கள் நாலாயிரத்து இருநூறு காலடி நடந்திருக்கிறீர்கள். அப்பாவுக்குப் பூஜ்யம். இன்று அவர் போனைப் பையில் போட மறந்து, அவர் படுத்திருக்கும் கட்டிலின் தலைமாட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். வீட்டுக்கு வர சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சூயுன்