வள்ளியம்மா செருமுகிறாள்

1934 ஜனவரி 8, திங்கள். பிரிக்பீல்ட்ஸ்

பள்ளிக்கூடம் திறந்து முதல் நாள். என் இரண்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பதினாறு சிலேட்டு. உதவி ஆசிரியைக்கு நாற்காலி இல்லையாம், ஆண் வாத்தியார்களுக்கு மட்டும்தானாம். நின்றேன்.

என் தங்கை வள்ளி நான்காம் வகுப்பு. தலைமையாசிரியர் சபாபதி வாத்தியாரே அந்த வகுப்புக்கும் பாடம் எடுக்கிறார். மத்தியானம் எட்டிப் பார்த்தால் வள்ளி பெஞ்சு மேல் நிற்கிறாள்.

"உன் தங்கச்சி என் மூஞ்சியப் பார்த்துச் செருமுறாம்மா. பொம்பளப் பிள்ளை, ஆம்பிளை மாதிரி! ஒரு தடவை இல்ல, நாற்பது தடவை" என்றார்.

எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். பாடம் எப்போது நடந்ததோ.

சாயங்காலம் அப்பா வந்தார். வாசலில் அவர் செருமல் கேட்டதும் அம்மா கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். தண்டவாளம் பழுது பார்க்கும் இருபது பேருக்கு அப்பா மண்டோர், கங்காணி மாதிரி. காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் அவர் ஒரு தடவை செருமினால் போதும், அத்தனை பேரும் பீடியைப் போட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். எங்கள் லயத்து வீடுகளில் கோழிகூட ஒதுங்கும் என்பார்கள்.

ஜனவரி 10, புதன்

போன வருஷம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் கண்ணைச் சிமிட்டினாள். தூசி என்றோம். அது போய்த் தோளைக் குலுக்கினாள். ரவிக்கை இறுக்கம் என்று அம்மா தையலைப் பிரித்துவிட்டாள். இப்போது தொண்டை. 'ஹ்க்ம், ஹ்க்ம்.' நடுவில் கழுத்து ஒரு வெட்டு வெட்டுகிறது.

"நிறுத்துடி."

"நான் பண்ணலக்கா. அதுவா வருது."

"உன் தொண்டை உன் பேச்சைக் கேக்காம வேற யார் பேச்சைக் கேக்கும்?"

ஒன்பது வயசுப் பிள்ளையிடம் வக்கீல் மாதிரி கேள்வி கேட்டேன்.

பள்ளியில் அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். 'குட்டி மண்டோர்.' அவள் வந்தால் பெண் பிள்ளைகள் வரிசையில் நின்று சலாம் வைக்கிறார்களாம்.

ஜனவரி 12, வெள்ளி

பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா இன்று அம்மாவிடம் வைத்தியம் சொல்ல வந்தது. "பாதை ஓரத்துல வள்ளி எதையோ மிதிச்சிட்டா, இராஜம்மா. தொண்டைக்குழியில மஞ்சளைச் சுட்டு ஒரு இழுப்பு. மூணே நாள். ஓடிரும்."

அம்மா கேட்டுக்கொண்டு இருந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சூடு கீடுன்னு இந்த வீட்டுல எவளும் பேசக் கூடாது."

அடேயப்பா, அப்பாவும் நானும் ஒரு கட்சி என்று நினைத்தேன். அடுத்த பேச்சில் அது கவிழ்ந்தது.

"தைப்பூசத்துக்குப் பத்துமலையில பால்குடம் எடுக்கட்டும். அப்பவும் நிக்கலைன்னா படிச்சது போதும். ரவாங்ல எங்க அக்கா வீட்டுல விட்டுடறேன். மாடு மேய்க்கட்டும். மாடு ஒண்ணும் சொல்லாது."

பதினெட்டு நாள் இருக்கிறது. ரவாங் அத்தைக்கு எட்டு மாடு, ஆறு பிள்ளைகள், ஒரு புத்தகம் கிடையாது. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த இரண்டு தம்பிகளையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எனக்கு மிஞ்சிய ஒருத்தியை மாட்டுக்குக் கொடுக்கப் போகிறோம்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். பால் பொங்கியபோது எல்லோரும் கத்தினோம். அந்தச் சத்தத்துக்குள் வள்ளி வேண்டிய மட்டும் செருமிக்கொண்டாள். யாரும் திட்டவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பேயில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழக்கத்தில் உண்டு. கெட்ட பழக்கத்தை நல்ல பழக்கத்தால் அடிக்கலாம். ஆகவே என் ஏற்பாடு: பள்ளி மணி அடிக்கும் வரை ஒரு செருமல்கூட வரக் கூடாது. வராவிட்டால் பாசார் முனையில் சர்பத் ஊற்றிய ஐஸ் உருண்டை.

இன்று பன்னிரண்டு மணி வரை தாக்குப்பிடித்தாள். பாதி உருண்டை வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 18, வியாழன்

முழு நாள்! ஒன்றுகூட இல்லை. சபாபதி வாத்தியாரே "பரவாயில்லையே" என்றார். எனக்கு ஒரே பெருமை. பூசாரியும் வேண்டாம், வீரம்மாவும் வேண்டாம். இந்தத் தனலெட்சுமி போதும் என்று நடந்து வந்தேன்.

வீட்டு வாசல் மிதித்ததும் ஆரம்பித்தது. செருமல், கழுத்து வெட்டு, தோள், கண், எல்லாம் சேர்ந்து. ஒரு மணி நேரம். நிற்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். கன்னத்தின் உள் பக்கம் பிய்ந்து ரத்தம். பகலெல்லாம் கடித்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஐஸ் உருண்டைக்காக என்று நினைத்தேன். இல்லை. "நீ சிரிப்பேல்லக்கா, அதுக்குத்தான்" என்றாள்.

நானும் ஒரு பூசாரிதான். என் கையில் வேப்பிலை இல்லை, அவ்வளவே.

ஜனவரி 20, சனி

ஆஸ்பத்திரி. அம்மாவிடம் துணி எடுக்கப் போவதாகப் பொய். மூன்று மணி நேரம் வெயிலில் வரிசை. நிழலில் இருந்த பெஞ்சு வேறு ஆட்களுக்கு.

வெள்ளைக்கார டாக்டர் அம்மா ஒருத்தி பார்த்தாள். ஜெயராஜ் என்ற டிரெசர் அவள் பேச்சைத் தமிழில் சொன்னார். மருந்து கட்டுகிறவராக வேலைக்கு வந்து பாதி டாக்டர் ஆகிவிட்ட மனுஷர். நாக்கை நீட்டச் சொன்னார்கள். கையை நீட்டி அசையாமல் வைக்கச் சொன்னார்கள். மூட்டு வலி, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். இல்லை.

"தூக்கத்துல வருதா?"

யோசித்தேன். பக்கத்தில்தான் படுக்கிறேன். இல்லை, தூக்கத்தில் ஒரு சத்தமும் கிடையாது.

டாக்டர் அம்மா நிறையப் பேசினாள். ஜெயராஜ் சுருக்கினார்: "பேய் இல்லம்மா, திமிரும் இல்ல. நரம்புல வர்ற துடிப்பு. நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கு. தும்மல் வருது, கொஞ்ச நேரம் அடக்குவீங்க. நாள் பூரா அடக்க முடியுமா? அந்த மாதிரி."

அடக்கப் பழக்கினேன் என்று சொன்னேன். குரல் இறங்கிவிட்டது.

"எல்லா வீட்டுலயும் அதைத்தான் செய்றாங்க. சில பேர் கையைக் கட்டிப் போடுறாங்க. நீங்க ஐஸ் வாங்கிக் கொடுத்தீங்க, பரவால்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்து?

"டானிக் எழுதியிருக்காங்க. அது பிள்ளை இளைச்சிருக்குன்னு. இதுக்குன்னு நிச்சயமான மருந்து இல்ல. இருக்குன்னு எவனாவது வித்தா வாங்காதீங்க. நிறுத்துன்னு சொல்லாதீங்க, உத்துப் பார்க்காதீங்க, நல்லாத் தூங்கட்டும். அடிச்சாலும் பயந்தாலும் கூடும். குறையும், திரும்ப வரும், இடம் மாறும். பெரியவளானா முக்கால்வாசிப் பேருக்கு அடங்கிடும். சிலருக்குக் கடைசி வரை கொஞ்சம் இருக்கும். இருந்தா என்ன?"

கடைசியாகக் கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி?"

"கிடையாது. எங்க வீட்டுல எல்லாரும் சரியா இருக்கோம்" என்றேன். பட்டென்று.

வள்ளி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

ஜனவரி 21, ஞாயிறு

காலை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா முகம் கழுவுகிறார். செருமல். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. யாரும் வரவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, சளியும் இல்லை.

பத்தொன்பது வருஷமாகக் காதில் விழுகிறது. இன்றுதான் கேட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

இரண்டு நாளாக அப்பாவைக் கவனித்தேன். சாப்பிடும்போது வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. அப்பாவுக்கு மேலே இருக்கிற வெள்ளைக்காரத் துரை வந்தால் இரண்டு மடங்கு வருகிறது. அப்போது மேல்துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். தூங்கினால் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாயைக் கழுவுடி. அவர் ஆம்பிளை. அது கம்பீரம்" என்றாள்.

அதே தொண்டை. அதே சத்தம். அவர் செருமினால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவள் செருமினால் அவளைப் பெஞ்சு மேல் நிறுத்துகிறார்கள். இதை எழுதும்போது பேனா முள் காகிதத்தைக் கிழிக்கிறது. கிழியட்டும்.

அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. மேடையில் பேசச் சொன்னால் பேசுவேன்.

ஜனவரி 26, வெள்ளி

வள்ளிக்கு இன்று பிரம்பு, கையில் ஆறு. நான் அடுத்த அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். கேட்டது. போகவில்லை. ஏன் போகவில்லை? வேலை போய்விடும். வேலை. வேலை.

ஜனவரி 30, செவ்வாய். தைப்பூசம்

காலை ரயிலில் பத்துமலைக்குப் போனோம். அப்பாவின் கூட்டத்து ஆட்கள் நாலைந்து பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். மஞ்சள் பாவாடை, தலையில் பால்குடம். மரப்படியில் ஏற ஆரம்பித்ததிலிருந்து வள்ளிக்கு ஒன்றும் வரவில்லை. பால் சிந்தக் கூடாது என்பதிலேயே முழுக் கவனம். கண்ணும் சிமிட்டவில்லை. குகைக்குள் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பினபோது அம்மா அழுதாள். வீரம்மா அக்கா கூட்டத்தைப் பார்த்து "முருகா! நின்னு போச்சு, நின்னு போச்சு!" என்று கத்தியது. அப்பா வள்ளிக்குப் பொரிகடலையும் ஒரு தகர விசிலும் வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

எனக்கு மட்டும் பள்ளி மணி வரை அடக்கிவிட்டு வீட்டு வாசலில் வெடித்த நாள்தான் ஞாபகம்.

திரும்பும் ரயில் புறப்பட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. 'ஹ்க்ம்.' பிறகு கழுத்து. பிறகு எல்லாம். பெட்டியே திரும்பிப் பார்த்தது. பின் பெஞ்சில் யாரோ, "குட்டி மண்டோர் டூட்டிக்கு வந்துட்டாங்கடா" என்றான். சிரிப்பு.

அப்பா கையை ஓங்கிவிட்டார். "சாமி காலடியில இருந்து வர்றோம். அடக்குடி!"

எப்படி வந்ததோ தெரியாது, எழுந்து நின்றுவிட்டேன். "முதல்ல நீங்க அடக்குங்கப்பா."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்ன?"

"உங்களுக்கும் இருக்கு. அதே செருமல்தான். நாம இறங்குற கே.எல். ஸ்டேஷன் வர்ற வரைக்கும் நீங்க அடக்குங்க. முடிஞ்சா நாளைக்கே இவளை ரவாங்ல விடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். ஓங்கிய கையை இறக்கினார். இடுப்பிலிருந்து ரயில்வே கடிகாரத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

ரப்பர் மரங்கள் போயின. ஒரு மலாய்க் கிராமம், வாழைத் தோப்பு. அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. அவர் ஆட்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

போதும் என்று சொல்ல நினைத்தேன். எனக்கு முன்னால் வள்ளி எழுந்தாள். அவர் தொடையில் கையை வைத்தாள்.

"அடக்காதீங்கப்பா. அப்புறம் கழுத்து ரொம்ப வலிக்கும்."

வழியிலுள்ள செந்தூல் ஸ்டேஷன்கூட இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு வந்துவிட்டது. ஏழு, எட்டு, நிற்காமல். முகத்தை மூடவில்லை. வள்ளியும் செருமினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 31, புதன்

நான் அப்பாவை ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தினேன். சொன்னது உண்மை. ஆனாலும் சபாபதி வாத்தியார் வள்ளிக்குச் செய்ததும் அதுதானே, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தது? காலையிலிருந்து இது குடைகிறது.

சாயங்காலம் அப்பா என்னை மட்டும் குழாயடிக்குக் கூப்பிட்டார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். தொண்டைக்குழியில் ஒரு வெள்ளைத் தழும்பு. கட்டி வந்த வடு என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எட்டு வயசுல. மஞ்சள் சூடு. ரெண்டு தடவை."

பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிட்டேன். கப்பலேறினேன். இங்க வந்து மண்டோர் ஆனப்புறம்தான் இதைக் கேட்டு ஒருத்தனும் சிரிக்கல. மரியாதைன்னு நினைச்சுக்கிட்டானுங்க. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"மன்னிச்சிடுங்கப்பா, ரயில்ல..."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லு."

நான் போனது இவருக்கு எப்படித் தெரியும்? வள்ளிதான். ஜெயராஜ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "தும்மல் மாதிரி" என்றதும், "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

அப்பா அரை நாள் சம்பளம் போகட்டும் என்று பள்ளிக்கு வந்தார். வாசலில் நின்று செருமினார். சபாபதி வாத்தியார் தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உட்காருங்க வாத்தியாரே. இது உங்களைக் கூப்பிட்டது இல்ல. எனக்கு நோய். என் பிள்ளைக்கும் அதேதான். என்னை அடிப்பீங்களா?"

வாத்தியார் ஒழுங்கு, மற்ற பிள்ளைகள், இன்ஸ்பெக்டர் என்று பத்து நிமிஷம் பேசினார். அப்பா நின்றுகொண்டே கேட்டார், நடுநடுவே செருமிக்கொண்டே. வகுப்பு முழுக்கப் பார்த்தது. கடைசியில் முடிவு: வள்ளி கதவோரப் பெஞ்சில் உட்கார வேண்டும். அதிகமானால் கேட்காமலே வெளியே போய்விட்டு வரலாம். பிரம்பு கிடையாது. "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் வாத்தியார். தாராளம் இல்லை. போதும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அப்பாவின் கூட்டத்தில் ஒருத்தன் அவர் முதுகுக்குப் பின்னால் செருமிக் காட்டினானாம். இருபது பேரும் சிரித்தார்களாம். அப்பா இதைச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். "என்ன செஞ்சீங்க?" என்றாள் அம்மா. "பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தான். வேலை கொடுத்தேன்." சோறு பாதிதான் இறங்கியது.

மார்ச் 9, வெள்ளி

ஒரு மாசம் தாண்டிவிட்டது. வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 20, வெள்ளி

வள்ளிக்குத் தொண்டை குறைந்திருக்கிறது. மூக்கைச் சுளிப்பது புதிதாக வந்திருக்கிறது. கணக்கில் வகுப்பில் இரண்டாவது. 'குட்டி மண்டோர்' இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது அவளே வரிசையில் நிற்கச் சொல்லி சலாம் வாங்குகிறாள்.

ஜூன் 17, ஞாயிறு

மழை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டு இருந்தேன். வாசல் பக்கம் செருமல், மூன்று தடவை.

அம்மா எழுந்திருக்கவில்லை. முறத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"யாரு அது? அப்பாவா, வள்ளியா?" என்றாள்.

"ரெண்டு பேரும்" என்றார் அப்பா.