மூக்குக் குழாயும் ஒரு வாய் காப்பியும்

இன்று காலை கஞ்சி வடிகட்ட உங்கள் பழைய வேட்டித் துணியைத் தேடி எடுத்தேன். எதிர்வீட்டுக்காரரைப் பக்கவாதத்துக்குப் பிறகு மூக்கில் குழாயோடு கூட்டி வந்திருக்கிறார்கள். "உங்களுக்குத்தான் தெரியும், வந்து காட்டுங்கக்கா" என்று அவர் மனைவி வாசலில் நின்றாள். துணியை உதறியதும் நீங்கள் படுத்திருந்த அறையின் வாடை வந்துவிட்டது, டெட்டாலும் கேழ்வரகும்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்தபோது மூக்குக் குழாயில் முதலில் ஊசிக்குழலை, அந்த ஊசியில்லாத சிரிஞ்சை, அழுத்தித்தான் கஞ்சி கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு இருமல் வந்துவிடும். குழாய் மாற்ற வந்த நர்ஸ் அழுத்தும் தண்டையே உருவிப் போட்டார். "தள்ளாதீங்கம்மா. சாய்ச்சு உக்கார வச்சு, இதத் தூக்கிப் புடிங்க, தானா இறங்கும்." நீங்கள் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் அச்சுக்குள் மண்கரைசல் ஊற்றுகிறவர்களிடம் நீங்கள் சொல்வதும் அதுதானே: "அது போற வேகத்துல வுடு."

அந்த வாரம்தான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உங்கள் அக்கா வந்தார். நான் அடுப்படியிலிருந்து திரும்பும்போது, உங்கள் வாய்க்கு நேரே ஒரு ஸ்பூன் காப்பி. நீங்களும் ஆசையாக வாயைத் திறந்திருந்தீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். காப்பி போர்வையில் கொட்டியது.

"எந் தம்பிக்கு ஒரு வாய் காப்பி குடுக்க வுட மாட்டியா? பட்டினி போட்டே கொன்னுடுவ போலிருக்குது."

"அவருக்கு முழுங்க முடியலீங்க அண்ணி. நெஞ்சுக்குள்ள போயிட்டா சளி கட்டி ஆளே போயிடுவாருங்க."

அவர் நம்பவில்லை. கோபம் கோபமாக வந்தது எனக்கு. ஆனாலும் தாயில்லாத உங்களுக்குச் சோறூட்டிய கை அது. ஊசிக்குழலை அந்தக் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே ஊட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஒசத்திப் புடிங்க."

நான் அதில் கஞ்சி ஊற்றினேன். அவர் உங்கள் முகத்தையே பார்த்தார், நான் உங்கள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். இருமல் வரவில்லை.

"இறங்குதுடி" என்றார், அழுதுகொண்டே. அதன்பிறகு அவர் வந்தால் அந்த வேளைக் கஞ்சியை ஊட்டுவது அவர்தான்.

மழைக்காலத்தில் இரண்டாம் தடவை வந்த பக்கவாதம் உங்களைக் கொண்டுபோய்விட்டது. வாசலில் கிடத்தியிருந்தோம். வாய்க்கரிசி போட எல்லோரும் வரிசையாக வந்தார்கள். உங்கள் அக்கா அரிசியோடு குனிந்தவர், போடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தலைய கொஞ்சம் தூக்கிப் புடிம்மா. பொறையேறிடப் போவுது."

நான் தூக்கிப் பிடித்தேன்.

இன்று எதிர்வீட்டுக்காரரின் தலைக்குக் கீழே கை கொடுத்தேன். எத்தனை பேருக்குக் கொடுத்தாலும், என் இடது கையில் இருப்பது உங்கள் தலையின் கனம்தான்.