பனிக்கு முன் தோண்டிய இரண்டு கிழங்குகள்

அனுப்புநர்:
கெங் ஷுலான் (வயது 63),
க/பெ. காலஞ்சென்ற மாவ் சாங்கென்,
மேற்குக்கரை ஊர், தான்ஹுவாய் வட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருந்துப் பயிர்த் தர ஆய்வு நிலையம்,
தான்ஹுவாய்.

பொருள்: சந்தைப் பலகையில் ‘போலிக் கிழங்கு’ என்ற தலைப்பின் கீழுள்ள என் கணவர் பெயரை நீக்கவும், மறு ஆய்வு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செப்டம்பர் 9 அன்று தங்கள் ஆய்வாளர் திரு. ஷீ எங்கள் வயலுக்கு வந்து மருந்து வள்ளிக்கிழங்கில் மாதிரி கேட்டார். பனி இறங்கிக் கொடி காயும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. “கொடி இன்னும் பச்சையா நிக்குது, இப்பத் தோண்டாத” என்று என் கணவர் தடுத்தார். தேடி வந்த அதிகாரியை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று நான்தான் தோண்டினேன். மரியாதைக்காக, இருப்பதிலேயே பருத்ததாக இரண்டு பொறுக்கிக் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் பருமன் எல்லாம் தண்ணீர் என்பது நாற்பது வருடம் வள்ளி போட்ட எனக்குத் தெரியாததல்ல. புத்தி அன்று புல் மேயப் போயிருந்தது.

2. சோதனையில், எங்கள் ஊர்க் கிழங்குக்கு இருக்க வேண்டிய புரதத்தில் பாதிகூட இல்லையாம். வெளியூர் விதையை உள்ளூர்க் கிழங்கென்று காட்டியதாக எழுதி, நிலம் என் கணவர் பெயரில் இருப்பதால் அவர் பெயரைப் பலகையில் ஏற்றிவிட்டார்கள். கொடி காயும்போதுதான் இலையின் சத்து கிழங்குக்கு இறங்கும் என்று நிலையத்துக்கே வந்து சொன்னேன். “ஏம்மா, மெஷினுக்கு நீ வெயிலு பனின்னு பாடம் எடுக்கிறியா?” என்றார் திரு. ஷீ. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பயிருக்கு ஒரு சோதனைதான், அடுத்த பயிருக்கு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். வள்ளி எடுத்த நிலத்தில் மறுபடி வள்ளி போட எட்டு ஆண்டு பொறுக்க வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

3. அதன்பின் என் கணவர் சந்தைப் பக்கமே போகவில்லை. “பனி வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதாடி?” என்று ஒருமுறை கேட்டார். டிசம்பர் 11 அன்று இறந்துபோனார். அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவரைத் தூக்கிப் போனோம். எனக்கு அது ஆறவில்லை ஐயா.

4. ஒரு வரிசையை மட்டும் இன்னும் தோண்டாமல் வைத்திருக்கிறேன். வசந்தத்தில் முளை கிளம்பினால், சேர்த்த புரதத்தைக் கிழங்கு முளைக்குக் கொடுத்துவிடும். பிறகு எங்கள் பக்கம் பேச ஒரு சாட்சியும் இராது. ஆகையால் மார்ச் பிறப்பதற்குள் வேறோர் ஆய்வாளரை அனுப்பி வைக்குமாறு தங்களைக் கைகூப்பி வேண்டுகிறேன். எங்கே தோண்டுவது, எதை எடுப்பது என்று அவரே முடிவு செய்யட்டும். இந்த முறை நான் பொறுக்கித் தரமாட்டேன்.

இடம்: மேற்குக்கரை
நாள்: ஜனவரி 19

தங்கள் ஆளை எதிர்பார்த்து வரப்பில் நிற்கும்,
(ஒப்பம்) கெங் ஷுலான்