சவரியப்பன் நின்ற இடது ஓரம்

அன்புள்ள கார்முகிலுக்கு,

அப்பாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மீன்பிடிக்கப் போய் இலங்கை நேவியிடம் பிடிபட்ட சவரியப்பனையும் அவனோடு படகில் இருந்த மூன்று பேரையும் நேற்று இலங்கையில் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காவலை நீட்டித்துவிட்டார்கள், அடுத்த விசாரணை வருகிற புதன்கிழமை. விசைப்படகுச் சங்கச் செயலாளர் அங்குள்ள வக்கீலிடம் பேசிவிட்டு இன்று காலை என்னிடம் நேரில் சொன்னது இது. எல்லாரையும் விட்டுவிட்டார்கள் என்று ஜெகதாப்பட்டினம் கடைத்தெருவில் ஓடுகிற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது, உன் ரூமில் யாராவது சொன்னால் நம்பாதே. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது, சொட்டு மருந்து விடத்தான் சண்டை போடுகிறார்.

இனி நீ கேட்ட விஷயம். ஞாயிற்றுக்கிழமை மணமேல்குடியில் நடக்கிற வாலிபால் அரையிறுதியில் நிலவழகனை செட்டராக இறக்கக் கூடாது என்று முத்துராமனுக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கிறாய். டீமை ஆரம்பித்தவன் நீ, அவனுக்கு முன்னால் செட்டராக நின்றவனும் நீ, அதனால் மேனேஜராக இருந்தும் முத்துராமன் உன் பேச்சைத் தாண்ட மாட்டார். ஃபோனில் பேசினால் நீயும் கத்துவாய் நானும் கத்துவேன், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி. நீ பார்த்த போன ஆட்டத்தின் வீடியோவை நானும் பார்த்தேன். வலை ஓரம் நின்று அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியவன் தானே ஓடிக் குதித்து அடிக்கிறான், அது உண்மை. முதல் இரண்டு செட்டில் அதனால் பாயிண்ட் வந்ததும் உண்மை, மூன்றாவது செட்டில் எதிரணி அதைக் கண்டுகொண்டு அவனுக்கு நேரே இரண்டு பேரை நிறுத்திவைத்து மறித்ததும் உண்மை. ஐஸ் பிளான்ட் வாசலில் இப்போது இரண்டு கட்சி. அந்தப் பயல் ஓடாவிட்டால் அரையிறுதி வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டோம் என்கிறது ஒரு கட்சி. உன் சித்தப்பா மற்ற கட்சி. செட்டர்னா சோறு போடுறவன்டா, இவன் அம்புட்டையும் அவனே தின்னுட்டு எலைய வேற எடுத்துட்டுப் போறான் என்று அவர் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். நிலவழகன் அங்கேதான் மீன் பெட்டி கழுவிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. திருச்சியில் ஒரு காலேஜின் விளையாட்டு ஆசிரியர், ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவருடனே பேசி உறுதிசெய்துகொண்டேன். வெளியே உட்கார்ந்திருக்கிறவனை அவர் எடுக்க முடியாது. சீட் இல்லையென்றால் அவன் தன் அப்பாவோடு படகேறுவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. எந்தக் கடலுக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று செய். வீடியோவைத் திரும்ப ஓட்டி, பந்தை விட்டுவிட்டு இடது ஓரத்தை மட்டும் பார். சவரியப்பன் நின்று அடிக்கிற இடம் அது. இப்போது மதுரைவீரன் நிற்கிறான், ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. பயமா என்று கேட்டேன். பயமெல்லாம் இல்ல அத்தே, குதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கீழ வர்ற பந்த எடுக்க மட்டுந்தான் நிக்கிறேன் என்றான். முத்துராமனிடம் போய்க் கேட்டால் அவர் ஃபோனை எடுத்து ஒரு வாய்ஸைப் போட்டுக் காட்டினார். படகு பிடிபட்ட வாரத்தில் குரூப்பில் வந்தது. சவரி வர்ற வரைக்கும் அந்த எடத்துல எவனும் அடிக்கக் கூடாது, வேற ஆளப் போட்டா அவன் வரமாட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். குரல் உன்னுடையது, இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். அழுதிருக்கிறாய் என்றும் தெரிந்தது. அதற்கு எல்லாரும் கட்டுப்பட்டிருக்கிறார்கள். வலது பக்கம் அடிக்கிற ஒருவனை எதிரணி மறித்துவிட்டால் நிலவழகன் பந்தை யாருக்குக் கொடுப்பான்? இதை ஏன் வாய் திறந்து சொல்லவில்லை என்று அவனிடமே கேட்டேன். சவரி அண்ணன் எடத்துக்கு ஆளப் போடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது பெரியம்மா என்றான்.

நேற்றுச் சாயங்காலம் சவரியப்பனின் அம்மா அடைக்கலமேரியைப் பார்க்கப் போனேன். கருவாடு புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், எம்மவன் வந்தான்னா அவன் எடத்த அவனே புடுங்கிக்குவான், நீங்க என்னத்துக்கு அதப் பூட்டிப் போட்டுட்டு அந்தப் பயல வையுறீங்க, ஒம்மகன்ட்டச் சொல்லு தாயி என்றார். எழுதலாமா என்று கேட்டேன், எழுது என்றார். அதையும் முத்துராமனிடம் சொன்னேன், அந்த இடத்தில் அடிக்கலாம் என்ற சொல் கார்முகில் வாயால் வரட்டும் என்கிறார்.

மதுரைவீரன் குதித்தால் நன்றாக அடிப்பானா என்று எனக்குத் தெரியாது, அவன் அடித்து நான் பார்த்ததில்லை. அடிக்க ஆள் இருந்தும் நிலவழகன் தானே ஓடினால் நீ சொன்னதுதான் சரி, எடுத்துவிடச் சொல். இதுவரை அப்படி ஒரு ஆட்டம் நடக்கவில்லை, அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் அமையட்டும், நோய்நொடி அண்டாமல் இரு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அடைக்கலமேரிக்கு ஒரு ஃபோன் போடு, நீ கூப்பிட்டு நாளாயிற்று என்றார். சவரியப்பன் விஷயம் புதன்கிழமை தெரியும். ஆட்களின் பெயரைச் சனிக்கிழமை சாயங்காலம் கொடுக்க வேண்டும், இதை எழுதி முடிக்கும்வரை உன்னிடமிருந்து வேறு வாய்ஸ் வரவில்லை என்று முத்துராமன் சொன்னார்.

அன்புடன் அம்மா,
அமுதவல்லி